சனி இப்ப எங்க நிக்குது

இல்லைங்க, ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பாக்கற வேலை மொத்தத்தையும் எங்க வீட்ல ஒருத்தர் குத்தகைக்கு எடுத்திருக்கார். நான் சும்மா உக்காந்து வந்தாப் போதும்.

திருநள்ளாறுதானே? நானும் அங்கதான். மாயவரத்துல ஏறினதுலேருந்து பாக்கறேன், பாதிப் பேர் கையில நல்லெண்ணெய்ப் பாட்டில், எள்ளு முடிச்சு. பஸ்ஸே ஏழரைக்காரங்க பஸ்ஸா இருக்கு. உங்களுக்கு என்ன, சொந்தச் சனியா, பிள்ளைங்க சனியா? தம்பிக்கா? நல்ல அக்காதான் போங்க. எனக்குப் பொண்ணோட சனி. அதுவும் எப்படின்னா, முடிஞ்சுபோன சனிக்கு, நின்னுபோன கல்யாணத்துக்குப் பரிகாரம் பண்ணப் போறேன். சிரிக்காதீங்க. நேர்ந்துக்கிட்டேன். நேர்ந்ததைச் செய்யாம விட்டா அதுக்குன்னு தனியா ஒரு ஏழரை வரும்.

ஆமா, கல்யாணம் நின்னுபோச்சு. என் ஒரே பொண்ணு கல்யாணம். தட்டு மாத்தற நேரத்துல நின்னுச்சு. காரணம் கேட்டீங்கன்னா நம்ப மாட்டீங்க. எங்க வீட்டுக்காரரோட தொலைநோக்கி.

இருங்க, முதல்லேருந்து சொல்றேன். பேரளம் தாண்டி இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கே.

எங்க வீட்டுக்காரர் மாநகராட்சியில தெருவிளக்குப் பிரிவுல இருந்தார். ஊர் பூரா கம்பம் கம்பமா விளக்குப் போட்டவர். கீழ்க்கட்டளையில எங்க தெருவுல ராத்திரி ஊசி விழுந்தா எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். எல்லாம் அவர் கைங்கரியம். ரிடையர் ஆன மறுமாசம் மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பாத்துட்டு வந்து சொல்றார், "கோமளா, இந்த ஊர்ல ஒரு நட்சத்திரம்கூடத் தெரியலையே, யாரு இவ்வளவு விளக்கு போட்டது?" யாராம்! நான் போட்டேன், கோலம் போடற கையோட.

அப்புறம் ஒரு பைனாகுலர் வாங்கினார். அதை வச்சுக்கிட்டு மாடியில நின்னா எதிர் ஃப்ளாட் அம்மா சும்மா இருப்பாங்களா? அசோசியேஷன் கூட்டத்துல எழுந்து நின்னு, "ஞானசம்பந்தம் சார் எதைப் பாக்கறார்னு எங்களுக்குத் தெரியணும்"னு கேட்டுட்டாங்க. இவரு வியாழன் கிரகம்ங்கறார். அந்தம்மா தன் வீட்டு பாத்ரூம் ஜன்னல்ங்கறாங்க. செகரட்டரி மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டுட்டார். எனக்கு மானம் போச்சு. ஒரு வாரம் நான் துணி காயப்போடவும் மாடிக்குப் போகல.

அதோட விட்டுடுவார்னு நெனச்சேன். விடுவாரா? கம்ப்யூட்டர்ல ஒண்ணைக் கண்டுபிடிச்சார். சிலின்னு ஒரு நாடாம். அங்க மனுஷ வாசனையே இல்லாத ஒரு மலை மேல பெரிய பெரிய தொலைநோக்கியா வச்சிருக்காங்களாம். வாடகைக்கு. சந்தா கட்டிட்டா நாம இங்க கீழ்க்கட்டளையில உக்காந்துக்கிட்டே பட்டனைத் தட்டலாம். அங்க அது கூரையைத் திறந்துக்கிட்டு, இவரு சொல்ற பக்கம் திரும்பி, ஃபோட்டோ எடுத்து அனுப்புது. எங்க வீட்டு மிக்ஸியை எந்தப் பக்கம் திருப்பணும்னு இன்னி வரைக்கும் தெரியாது அவருக்கு. சிலியில இருக்கறதைத் திருப்பறார்.

இதுல ஒரு கூத்து பாருங்க. நமக்குப் பகல்னா அவங்களுக்கு ராத்திரியாம். அதனால எங்க வீட்ல நட்சத்திரம் காலையில பத்து மணிக்கு. நான் குழம்புக்குத் தாளிக்கிற நேரம். ஊர்ல எல்லாரும் ஆபீஸ் போற நேரத்துல இவரு திரையை இழுத்து விட்டுட்டு, மின்விசிறிக் காத்துல உக்காந்து நட்சத்திரம் பாக்கறார். முதல்ல சாம்பல் கலர்ல ஒரு கட்டம் வரும். அப்புறம் அதுல புள்ளி புள்ளியா, மழைக்காலத்துல ட்யூப்லைட்டைச் சுத்தி ஈசல் மொய்க்குமே, அந்த மாதிரி. "கோமளா, இங்க வாயேன், இந்த வெளிச்சம் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிளம்பினது"ம்பார். "அரிசி தீந்துபோச்சுன்னு நான் காலையில சொன்னது கிளம்பி எவ்வளவு நேரமாச்சு, அது இன்னும் வந்து சேரலையா?"ன்னு கேப்பேன்.

பொண்ணுக்கும் அதே பைத்தியம். மதுவந்தின்னு பேரு. பிசியோதெரபி படிச்சுட்டு ஆஸ்பத்திரியில இருக்கா. லீவு நாள்ல அப்பா பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டுக்கிட்டு உக்காந்துடுவா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பேசாமலே மணிக்கணக்கா எப்படித்தான் உக்காருவாங்களோ. எனக்கு வாய் வலிக்கும், பேசாம இருந்தா.

அவளுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. இருபத்தொம்பது. எனக்கு அந்த வயசுல அவ ஸ்கூலுக்கே போயாச்சு. நான் பாக்காத வரன் இல்ல. கடைசியில வில்லிவாக்கத்துல ஒண்ணு அமைஞ்சுது. பேங்க்ல வேலை, சொந்த வீடு, ஒரே பையன், ஹரிஹரசுதன்னு பேரு. பத்துக்கு எட்டுப் பொருத்தம். இதைவிட என்ன வேணும்? நான் எதுலயும் தலையிடற ஆள் இல்லைங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க, அவங்களே பாத்துப் பேசி முடிவு பண்ணட்டும்னு நானே காபி கடைக்கு அனுப்பி வச்சேன். எந்தக் கடை, எந்தப் புடவை, எத்தனை மணிக்குப் போகணும் எல்லாம் நானே சொல்லி, சுதந்திரமா அனுப்பினேன்.

திரும்பி வந்தா. "எப்படிடி இருந்துச்சு?"ன்னேன். "காபி நல்லா இருந்துச்சும்மா"ன்னா. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி ஆச்சு. பொண்ணு வெக்கப்படறான்னு புரிஞ்சுக்கிட்டு அப்பவே ஃபோனைப் போட்டு அவங்க அம்மாகிட்ட, பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு சொல்லிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, "அம்மா, அவர்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமே இல்லம்மா"ன்னு வந்து நிக்கறா. பேசறதுக்கு என்ன இருக்கு கல்யாணத்துல? நானும் இவரும் முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தறோம், பேச என்ன இருந்துச்சு? நல்லாத்தானே இருக்கோம்? அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போய்ட்டா.

எல்லாம் நல்லாப் போய்ட்டிருந்துச்சு. அப்பத்தான் சனி வந்து குறுக்க நின்னார்.

பையனோட அம்மா இருக்காங்களே, சிவகாமசுந்தரின்னு, ஃபோன்ல சொல்றாங்க: "உங்க பொண்ணு மகர ராசி. ஏழரை இன்னும் முடியல. ஏழரையோட மருமகளை எப்படிங்க வீட்டுக்குள்ள கூட்டிக்கறது?" நான் சொன்னேன், "பங்குனியிலேயே சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போயாச்சுங்க. மகரத்துக்கு ஏழரை முடிஞ்சு எத்தனையோ மாசமாச்சு." "அது திருக்கணிதம். நாங்க வாக்கியம். வாக்கியப் பஞ்சாங்கப்படி அடுத்த மாசியிலதான் பெயர்ச்சி. திருநள்ளாறு கோயில்லயே வாக்கியம்தான்"ங்கறாங்க.

உங்களுக்கும் தெரிஞ்சதுதானே. ஒரே சனி, ஒரே வானம், ரெண்டு தேதி. எங்க பஞ்சாங்கத்துல அவர் வீடு மாறிப் பால் காய்ச்சி முடிச்சாச்சு. அவங்க பஞ்சாங்கத்துல இன்னும் மூட்டையே கட்டல. நடுவுல என் பொண்ணு நிக்கறா. அடுத்த மாசி வரைக்கும் காத்திருந்தா அந்தப் பையன் இருப்பானா? வேற யாராவது கொத்திக்கிட்டுப் போய்ட மாட்டாங்க? எனக்குத் தூக்கமே போச்சு. பகல்லயும்.

நான் சாமி கும்புடுவேன், இல்லேன்னு சொல்லல. ஆனா இந்த ராசி, பெயர்ச்சி எல்லாம் அவ்வளவா நம்பற ஆள் இல்ல. ஜாதகம் பாத்தேன், பொருத்தம் பாத்தேன், நாலு ஜோசியர்கிட்டக் கேட்டேன், அவ்வளவுதான். மத்தபடி ஒண்ணும் நம்ப மாட்டேன். அதனாலதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. ஒரு நாள் கீரை ஆய்ஞ்சிட்டு இருக்கேன், உள்ள அப்பனும் பொண்ணும் கட்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. பளிச்சுனு தோணுச்சு. ஏன், சனி எங்க நிக்குதுன்னு நேராப் பாத்துட்டாப் போச்சே! அதான் சிலி இருக்கே!

இவர்கிட்டச் சொன்னேன். சிரிக்கறார். "கோமளா, வானத்துல கோடு ஒண்ணும் கிடையாது. கும்பம், மீனம் எல்லாம் நாம போட்டுக்கிட்ட கணக்கு. அங்க போய்ப் பாத்தா எது எந்த வீடுன்னு எழுதியா இருக்கும்?" எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "இத்தனை நாள் என்னத்தைத்தான் பாத்தீங்க? ஒரு எல்லை தெரியாதா? நீங்க ஒண்ணும் பேச வேணாம். அவங்க வரும்போது சனியைக் காட்டுங்க. மீனத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்"னேன். "மது என்ன சொல்றா?"ன்னு கேட்டார். "அவ என்ன சொல்லுவா, சின்னப் பொண்ணு"ன்னேன். வேற என்ன சொல்றது?

ஆடி போய் ஆவணி வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அவங்களை வரச் சொன்னேன். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. டிவியில கம்ப்யூட்டரை மாட்டியாச்சு. அப்பப் போய் இவரு சொல்றார், "அங்க மேகம் வந்துட்டா ஒண்ணும் தெரியாது"ன்னு. இதை முன்னாடியே சொல்ல வேணாமா மனுஷன்? தெருமுனைப் பிள்ளையாருக்கு ஓடிப் போய்த் தேங்காய் உடைச்சேன். சிலியில மேகம் வரக்கூடாதுன்னு கீழ்க்கட்டளையில தேங்காய் உடைச்சவ உலகத்துலேயே நான் ஒருத்திதான். குருக்கள் சங்கல்பத்துக்கு என்ன வேண்டுதல்னு கேட்டார். சொன்னேன். அவரு கேட்ட மாதிரியே காட்டிக்கல.

வந்தாங்க. அந்தம்மா, அவங்க வீட்டுக்காரர், பையன். பையன் நல்ல பையன்தாங்க, அதைச் சொல்லணும். வாயே திறக்கல. மதுவைப் பாத்து லேசா தலையாட்டினான், இவளும் ஆட்டினா. அடடா, என்ன ஒரு புரிதல்னு நெனச்சுப் பூரிச்சுப்போனேன்.

இவரு பட்டனைத் தட்டினார். கட்டம் வந்துச்சு. கறுப்பா இருந்துச்சு. கொஞ்ச கொஞ்சமா நடுவுல மஞ்சளா ஒண்ணு. "இதாங்க சனி"ன்னார்.

அந்தம்மா சோபாவை விட்டு எழுந்துட்டாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. போட்டுக்கிட்டு, டக்குனு ஒதுங்கி டிவிக்குப் பக்கவாட்டுல போய் நின்னுட்டாங்க. "நேருக்கு நேரா நிக்கக்கூடாதுங்க, எழுந்திருங்க எல்லாரும்"னாங்க. அதுவும் சரிதானே, கோயில்லயே சனீஸ்வரன் முன்னாடி யாரு நேரா நிக்கறோம்? அவங்க வீட்டுக்காரர் பஜ்ஜித் தட்டோட எழுந்து சமையக்கட்டு வாசல்ல போய் நின்னார். பையன் ஃப்ரிட்ஜ் ஓரமா. நானும் தள்ளி நின்னுக்கிட்டேன். நம்பிக்கை இல்லேன்னாலும் எதுக்கு வம்பு? டிவிக்கு முன்னாடி நேரா உக்காந்திருந்தது அப்பனும் பொண்ணும் மட்டும்தான். நாங்க நாலு பேரும் சுவரோட ஒட்டிக்கிட்டு, கழுத்தை ஒடிச்சு ஒடிச்சுப் பாக்கறோம்.

"வளையம் எங்க?"ன்னு கேட்டாங்க அந்தம்மா. எனக்குப் பகீர்னுது. ஆமா, எல்லாப் படத்துலயும் சனிக்கு வளையம் இருக்கும், இதுல குறுக்க ஒரு கோடுதான் இருக்கு. "இந்த வருஷம் அது ஓரமாத் திரும்பியிருக்கும்மா. தோசையை விளிம்புலேருந்து பாத்தா கோடாத்தானே தெரியும், அப்படி"ன்னு இவரு விளக்கறார். அந்தம்மா நம்பின மாதிரி தெரியல. இருந்தாலும் ஆசையாத்தான் பாத்தாங்க. "நெசமாவே இப்ப இருக்கறதா இது? பழைய ஃபோட்டோ இல்லையே?"ன்னாங்க. இல்லம்மா, இந்த நிமிஷம்னார். அப்படியே கண்ணு கலங்கிட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இத்தனை வருஷம் நாம பயந்துக்கிட்டே சுத்தி வந்த ஆளு, அங்க தனியா, இத்தனூண்டா.

ஆனா நான் காரியத்துல கண்ணா இருந்தேன். "கேளுங்க, எந்த ராசின்னு கேளுங்க"ன்னு அந்தம்மாவைத் தூண்டினேன். "இது கும்பமா, மீனமா?"ன்னு கேட்டாங்க. இவரு என்னைப் பாத்தார். அந்தக் கறுப்புல என்னத்தைச் சொல்றது? மீன ராசி உங்களை அன்புடன் வரவேற்கிறதுன்னு ஹைவேஸ்காரன் பலகையா நட்டு வச்சிருக்கான்? நான் கண்ணை உருட்டினேன். "மீனத்துலதாம்மா இருக்கு"ன்னார். அவ்வளவுதான்! அந்தம்மா தலையாட்டிட்டாங்க. "கண்ணால பாத்தாச்சு, அப்புறம் என்ன"ன்னு சொல்லிட்டாங்க. ஜெயிச்சாச்சு. வெத்தலைத் தட்டை எடுக்க உள்ள ஓடறேன்.

அப்ப என் பொண்ணு சொல்றா: "அப்பா, ஆடி மாசத்துலேருந்து வாரா வாரம் எடுத்தீங்களே, அந்தப் படத்தை எல்லாம் வரிசையா ஓட விட்டுக் காட்டுங்களேன்."

பாவம், சின்னப் பொண்ணு. அப்பா பெருமையை அவங்ககிட்டக் காட்டணும்னு ஆசை. விவரம் தெரியாமக் கேட்டுட்டா. இவருக்குத்தான் புத்தி எங்க போச்சு? யாராவது கேட்டாப் போதுமே, குழந்தை மாதிரி ஆயிடுவார். ஓட விட்டார். நட்சத்திரம் எல்லாம் அப்படியே நிக்குது. சனி மட்டும் நகருது. நகருது, நகருது... பின்னாடி நகருது!

"என்னங்க இது, வந்த வழியே போகுதே?"ன்னாங்க அந்தம்மா. "ஆமாம்மா, வக்ரம்னு சொல்வாங்களே, அதான். நெசமாப் பின்னாடி போகல. நம்ம பூமி அதை முந்திக்கிட்டுப் போறதுனால அப்படித் தெரியுது. நாம பஸ்ல போகும்போது பக்கத்துல மெதுவாப் போற லாரி பின்னாடி போற மாதிரி தெரியும்ல..." யாரு கேட்டா லாரிக் கதையை? அந்தம்மா முகமே மாறிப்போச்சு. "நான்தான் சொன்னேனே! கும்பத்துப் பக்கம்தானே திரும்பிப் போகுது? அது இன்னும் அந்த வீட்டை விடல. வாக்கியம்தான் சரி. கண்ணால பாத்தாச்சு"ன்னாங்க.

நல்லாப் பாத்துக்குங்க இந்த மனுஷனை. சொந்தப் பொண்ணு கேஸுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து சாட்சியைக் கூட்டிட்டு வந்து, எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்ல வச்சார். நான் அப்படியே நிக்கறேன், கையில வெத்தலைத் தட்டோட. மது என்னடான்னா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தப் பையனும் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிக்கற மாதிரி இருந்துச்சு. என் நெலைமை அவங்களுக்கு எங்க புரியப்போகுது?

ஆனா நான் விடுவேனா? "அம்மா, ஒண்ணு பண்ணலாம். நானே திருநள்ளாறு போறேன். நளதீர்த்தத்துல முங்கி, எள்ளு தீபம் போட்டு, என் பொண்ணு சனியை நானே இறக்கி வச்சுட்டு வரேன். தையில தேதி வச்சுக்குவோம்"னேன். அந்தம்மா யோசிச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் சமையக்கட்டு வாசல்லேருந்து, "அதான் பெத்தவங்களே இவ்வளவு சொல்றாங்களே, தையிலேயே வச்சுடு சுந்தரி"ன்னார். மனுஷன்னா அவரு மனுஷன். அந்தம்மாவும் சரின்னுட்டாங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. தட்டை நீட்டறேன்.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

டிவியில ஏதோ பேசுதுன்னு நெனச்சேங்க. திரும்பிப் பாத்தா இவ. எழுந்து நிக்கறா. குரலை உசத்தவே இல்ல. "ஆன்ட்டி, மன்னிச்சுக்குங்க. உங்க பையன் மேல எந்தத் தப்பும் இல்ல. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்"ங்கறா. அந்தம்மா பையனைப் பாத்தாங்க. அவன் அப்பத்தான் வாயத் திறந்தான். "காபி கடையிலேயே சொல்லிட்டாங்கம்மா. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. உங்ககிட்ட நான் சொல்றதா இருந்துச்சு... முடியல. எப்படியும் சனி தள்ளிப்போட்டுடும்னு நெனச்சோம்."

நெனச்சாங்களாம்! ரெண்டு பேரும் சேர்ந்து நெனச்சிருக்காங்க! அதுக்கு மட்டும் பேச விஷயம் இருந்திருக்கு பாருங்க.

அவங்க போனப்புறம் அவளைப் பிடிச்சேன். "ஏண்டி, என் மானத்தை வாங்கிட்டியே, முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?" "சொன்னேம்மா." "எப்பச் சொன்ன?" "ரெண்டு தடவை சொன்னேன். நீ அப்ப ஃபோன்ல இருந்த." அப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்தா. கோபமா இல்ல. கோபமா இருந்திருந்தா எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். "பஞ்சாங்கத்தைக் கேட்ட, நாலு ஜோசியரைக் கேட்ட. கடைசியில சிலி வரைக்கும் போய்ச் சனியைக் கேட்ட. நான் பக்கத்து ரூம்லதானேம்மா இருந்தேன், என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாமே"ன்னா.

கேக்கலையா நான்? நீங்களே சொல்லுங்க, கேக்காமலா இருந்தேன்? முகூர்த்தப் புடவை அரக்கா, மாம்பழக் கலரான்னு கேட்டேன். மண்டபம் குரோம்பேட்டையா, வில்லிவாக்கமான்னு கேட்டேன். வேணுமா வேணாமான்னு யாருங்க பொண்ணைக் கேப்பாங்க? என்னை யாரு கேட்டா? நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன், எங்கப்பா வந்து, வைகாசியில தேதி குறிச்சாச்சும்மான்னார். சரிப்பான்னுட்டு ரெண்டாவது தண்ணி ஊத்தினேன். அவ்வளவுதான் என் கதை. நான் என்ன குறைஞ்சா போய்ட்டேன்?

இதைத்தான் கத்திட்டேன், வீடு அதிர. இவரு அங்கேயேதான் நின்னுட்டு இருந்தார். ஒரு வார்த்தை பேசல. எப்பப் பேசியிருக்கார், அன்னிக்குப் பேச?

அதுக்கப்புறம் நாலஞ்சு நாள் வீட்ல யாரும் யாரோடயும் பேசல. போன வாரம் ஒரு நாள் காலையில, வழக்கம்போலத் திரையை இழுத்து விட்டுட்டு உக்காந்திருக்கார். நான் அடுப்புல பாலை வச்சுட்டு இந்தப் பக்கம் வரேன். திடீர்னு, "கோமளா, இன்னிக்கு நீ சொல்லு. உனக்கு எதைப் பாக்கணும்? எதுவா இருந்தாலும் சரி, திருப்பறேன்"னார்.

எவ்வளவு நக்கல் பாருங்க. பொண்ணு அப்படிச் சொன்னான்னு இவரும் சேர்ந்துக்கிட்டுக் குத்திக்காட்டறார். நான் கரண்டியோட நிக்கறேன். எதையாவது சொல்லி மூக்கை உடைக்கணும்னு பாக்கறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. எனக்கு எதைப் பாக்கணும்? என்னென்ன இருக்குன்னே தெரியாதே எனக்கு. கரண்டியை முந்தானையில துடைச்சுக்கிட்டே இருக்கேன். கோபம்தான், வேற என்ன. பால் பொங்கற சத்தம் கேட்டுச்சு, போய்ட்டேன்.

அப்புறம் மது சொன்னா. அவருக்கு அன்னிக்குக் கொடுத்திருந்த அரைமணி நேரமும் அந்தத் தொலைநோக்கியை எதுக்கும் திருப்பவே இல்லையாம். நான் வந்து சொல்லுவேன்னு அப்படியே வச்சுட்டு உக்காந்திருந்தாராம். நேரம் முடிஞ்சு அங்க கூரை தானா மூடிக்கிச்சாம். சந்தா கட்டினதை வீணாக்கிட்டு உக்காந்திருக்கார், பைத்தியக்கார மனுஷன்.

இன்னிக்குக் காலையில கிளம்பும்போது மறுபடியும் கேக்கறார், யோசிச்சியான்னு. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

அதோ, கோபுரம் தெரியுது. பையை எடுத்துக்குங்க. நீங்க சொல்லுங்களேன். உங்களை ஒருத்தர் உக்காத்தி வச்சு, உனக்கு என்ன பாக்கணும்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க?

சும்மா சொல்லுங்க, நான் என்ன உங்க வீட்லயா வந்து சொல்லப் போறேன்?

பாத்தீங்களா. உங்களுக்கும் ஒண்ணும் வரல.